013

முந்நூறு அடித்தேன், மார்த்தாண்டத்துப் பிரஸில்.
நகை அடகு என்று எழுதினால் சோகமாகிவிடும்,
சீட்டுப் பணம்தான்.
இருநூற்றெழுபது கட்டிலுக்கடியில்,
பாச்சா உருண்டை வாசத்தில்.

களியக்காவிளை தாண்டினால் பத்தடியில்
லாட்டரி விற்கும் சுகுணன்
அட்டையைத் திருப்பிப் பார்த்தான்:
"கவிதை கொள்ளாம். இதுக்கு
குலுக்கல் என்னைக்கு?
நாளில்லாத சரக்கை ஆளுவ
நாளைக்குத்தான் வாங்குவினும்."

அன்றிரவு நீல மையில்
ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் போட்டேன்.
அவன் பலகையில், டிக்கெட்டுகளுக்கு நடுவே,
துணி கிளிப்பில் தொங்கின.

கூட்டினால் ஒன்பது வரவேண்டும்:
ஆட்டோக்காரர் 108 எடுத்தார்.
மீன்காரி ரோசிலி 024,
மகள் பிறந்த தேதி.
"நான் வாசிக்கமாட்டேன், அவ வாசிப்பா."
ஒருத்தர் மறுநாள் வந்து கேட்டார்,
"அடிச்சுதா?"
நாற்பதாம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.
நின்றபடியே வாசித்தார்.
திருவனந்தபுரம் பஸ் போய்விட்டது.
ஒன்றும் சொல்லாமல்
அடுத்ததில் ஏறினார்.

ஓணத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு.
பிரதிக்கு முப்பது ரூபாய் சுகுணனுக்கு;
எனக்கு இன்னும் நஷ்டம்தான்.

013 மட்டும் எவரும் தொடவில்லை.
வெயிலில் அட்டை வெளுத்துத் திரும்பி வந்தது.
குழித்துறை பஸ்ஸில், வேறு வேலையில்லாமல்,
காசு கொடுத்து வாங்கினவன் மாதிரி
முழுசாகப் படித்தேன்.
இருபத்திரண்டாம் பக்கத்தில்
'விடிய விடிய மலை பெய்தது'
என்று அச்சாகியிருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒருவரும் சொல்லவில்லை.