விரிசல் எண் ஏழு

பொம்மசமுத்திரம், ராயக்கோட்டை சாலை.
அடைக்கல மாதா கோயில், வடக்குச் சுவர்.
ஏழாம் விரிசலின் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன்.
சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.
மாதம் ஒருமுறை வந்து
உடைந்ததா என்று பார்ப்பதற்குச் சம்பளம்.

நான்கு மணிக்குக் குவாரியில் வெடி.
அதற்கு முன் சங்கு.
சங்குக்கும் முன்னால்
மணிக்கூண்டை விட்டுப் புறாக்கள்.

கோயிலின் கல்லும் அந்த மலையின் கல்தான்.
ஆப்பு இறக்கிப் பிளந்த குழிகள்
ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் பல்வரிசையாக இருக்கின்றன.
அன்று வண்டிமாடு இழுத்த அளவுக்கு மலை குறைந்தது.
இன்று பாதி மலை கப்பலேறி
யார் யார் வீட்டு அடுப்பு மேடையிலோ பளபளக்கிறது.

சாவி மதலேனம்மாவிடம்.
கிழக்கு வாசற்படியை மிதிக்காமல் தாண்டினார்,
நானும் தாண்டினேன்.
"கவுத்துப் போட்ட நடுகல் மேடம்.
அடியில வாளோட ஒருத்தன் படுத்திருக்கான்."
யார் பார்த்தது என்று கேட்டேன்.
யாரும் பார்த்ததில்லையாம்.

உள்ளே சிலுவை வடிவம்.
ஆனால் தெற்குக் கை முழங்கையோடு நின்றுவிட்டது.
டேப்பை இழுத்துப் பிடித்தோம்.
வடக்கு இருபத்தெட்டு அடி,
தெற்கு பதினொன்று.
"தாது வருஷப் பஞ்சம்.
மிச்சக் காசுக்கு லெக்ளேர் சாமி ராகி வாங்கிட்டாரு."

பதினேழு அடி ராகி.
நோட்டில் அப்படித்தான் எழுதினேன்,
பிறகு அடித்தேன்.

அது போதவில்லை என்பதற்கு
இறந்தோர் பதிவேடு இருக்கிறது.
ஓரம் அரித்த தாள், லத்தீன், பழுப்பு மை.
காரணம் என்ற பத்தியில்
முதல் பக்கம் முழுக்கப் பசி, முழுச் சொல்லாக.
ஆறாம் பக்கத்தில் முதலெழுத்து மட்டும்.
ஒன்பதாம் பக்கத்திலிருந்து
மேற்படிக் குறி, மேற்படிக் குறி,
எறும்புச் சாரி மாதிரி.

இரண்டாம் மாதம் சாந்தைச் சுரண்டிப் பார்த்தேன்.
தரையிலிருந்து ஐந்தடி வரை நகம் இறங்கவில்லை.
கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்பு.
ஒன்பதடிக்கு மேலும் அதே இறுக்கம்.
நடுவில் நான்கு அடி மட்டும்
விபூதியாக உதிர்கிறது.
ஏழாம் விரிசல் அந்தப் பட்டையில்தான் ஓடுகிறது.

வெல்லம் வந்திருக்கிறது.
கணக்கேட்டில் மூட்டை எண்ணிக்கை உண்டு,
காவேரிப்பட்டணத்துச் செட்டியாரின் ரசீது உண்டு.
சுவருக்கு மட்டும் வந்து சேரவில்லை.
சாந்து அரைத்த பெண்களின் முந்தானையில்,
கல் சுமந்த பிள்ளைகளின் கடைவாயில்,
கண்டும் காணாமல் திரும்பிக்கொண்ட
கொத்தன் திம்மப்பனின் முதுகுக்குப் பின்னால்
நான்கு அடி உயரம் கரைந்திருக்கிறது.
அவன் பெயர் மேற்படிக் குறிகளுக்கு நடுவே வருகிறது.

மூன்றாம் மாதம் கண்ணாடி உடைந்திருந்தது.
சத்தமில்லாமல், நேராக, இரண்டாக.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
வெடி அதிர்வு. பழைய கட்டுமானக் குறைபாடு.
இரண்டாவதைக் குறித்தால் குவாரிக்காரர் மாலை போடுவார்.
முதலாவதை மட்டும் குறித்தால்
என் நகத்தில் ஒட்டிய தூள் பொய்யாகும்.
இரண்டிலும் டிக் போட்டு அனுப்பினேன்.
ஒன்றை மட்டும் குறிக்கவும் என்று
திரும்பி வந்துவிட்டது.

இன்று மறுபடி வந்திருக்கிறேன்.
மதலேனம்மா ஏணியைப் பிடித்துக்கொள்ள
உதிரும் பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை
நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு.
பத்தாம் அடிக்கு ஏறி
கெட்டிச் சாந்திலிருந்து ஒரு துணுக்கு.
அதுவும் சுண்ணாம்புதான்.
"என்ன மேடம், இனிக்குதா?"
வாய் வெந்துவிட்டது,
தலையை மட்டும் ஆட்டினேன்.
ஆமாம் என்றா இல்லை என்றா,
அவரும் கேட்கவில்லை.

புதிய சில்லை ஒட்டித் தேதி எழுதினேன்.
ஈரம் காயவில்லை.
மேலே புறாக்கள் கிளம்பிவிட்டன.