கேட் மூடியாச்சு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டால்
நாலு பேர் ஒரே நாளில் லேட்.
பிரேயர் முடியும்வரை
கொடிக்கம்பத்தடியில் முட்டி போட்டோம்.
டெஸ்மண்ட் தரையில் ஸ்கேலைத் தட்டினான்.
கஜபதி மூக்கால் பேஸ் போட்டான்.
பல்கீஸ் தமிழ்த்தாய் வாழ்த்தைவிட
அரை வரி பின்னாலேயே வந்தாள்.
காரணம் கேட்ட பி.டி. மாஸ்டரிடம்
நான் சொன்ன இரண்டு சொல்லே
பேண்டுக்குப் பெயராச்சு.

என் கேசியோ மூர் மார்க்கெட் பழசு.
நட்டநடுவில் ஒரு எஃப் ஷார்ப் செத்திருந்தது,
அதற்கு முந்நூறு ரூபாய் குறைத்தார்கள்.
எங்கள் பாட்டெல்லாம் அந்தக் குழியைச் சுற்றிப் போகும்
மழைக்கு எங்கள் தெருவில் நடப்பதுபோல.

ரேஷன் கார்டில் அப்பா பெண்ணாகிப்போனதற்கு ஒரு பாட்டு.
தண்ணி லாரியைத் துரத்தும் குடத்துக்கு ஒன்று.
டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு
ஏழு நிமிஷக் காதல் பாட்டு.

அடையாறு கஃபேயில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்:
'வடசென்னையின் கோபக் குரல்.'
நாங்கள் பல்லியைப் பாடினோம்.
"கானா வராதா தம்பி?"
"வரும் சார். கேக்க வரும்" என்றான் கஜபதி.
பாதிச் சம்பளம்,
மீதிக்குக் கோல்டு காபி.

ஆல்பமும் போட்டோம்.
பீரோவுக்குள் தலையை விட்டு,
நாப்தலின் வாசனையோடு பாடினாள் பல்கீஸ்.
கேட்டது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை,
அதில் நூற்று நாற்பது டெஸ்மண்டின் அம்மா.
போலந்திலிருந்து ஒருவர் எழுதினார்:
'பேஜார்' என்றால் என்ன?
ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தோம்.
இன்னும் பதில் போடவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை.
டெஸ்மண்டுக்கு மணலியில் ஷிப்ட் மாறியது.
கஜபதி தோஹா போனான்.
பல்கீஸுக்குக் காட்பாடியில் பேங்க் வேலை,
நோட்டு எண்ணும்போது
மெஷினோடு அரை வரி பிந்துகிறாளோ என்னவோ.

போன மாசம் புது கீபோர்டு வாங்கினேன்.
எல்லாக் கட்டையும் பேசுகிறது.
பல்லிப் பாட்டை வாசித்தால்
விரல் அந்தக் கட்டையைத் தாண்டியே போகிறது,
கடன் வைத்த கடையைத் தாண்டுவதுபோல.

இன்று மறுபடி கேட்.
பெட்ரோல் டேங்கில் தட்டிக்கொண்டிருந்தேன்.
கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தது.
அதே எஃப் ஷார்ப் என்று முடித்தால் நன்றாக இருக்கும்.
போனில் சோதித்துப் பார்த்தேன்:
ஜி. கொஞ்சம் சுருதி இறங்கிய ஜி.
பதிவு செய்து குழுவில் போட்டேன்.
பல்கீஸ் டைப் செய்கிறாள் என்று காட்டியது.
காட்டிக்கொண்டே இருந்தது.
ஐம்பத்தெட்டாவது பெட்டியும் போய்
கேட் மேலேறியது.
பின்னால் ஆட்டோக்காரர் கத்துகிறார்:
"யோவ், போயேன்யா."