மரத்தில் என்ன குறை

முவைலாவில் பள்ளிக்கூடங்கள்
முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன.
மூன்றாவது பள்ளியில், நர்ஸ் அறைக்குப் பக்கத்தில்
எனக்கொரு மேசை, இரண்டு நாற்காலி,
ஒரு ஸ்டாப்வாட்ச்.
வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்.
அறுநூறு சேர வேண்டும், பட்டம் கைக்கு வர.
நேற்று வரை நூற்றுத் தொண்ணூற்று நாலரை.

முப்பத்தாறு வயதில் மாணவி.
விசாவில் 'இல்லத்தரசி' என்றிருக்கிறது.
இரவில் இஸ்திரிப் பலகைதான் படிப்பு மேசை.
கடைசிச் சட்டை தேய்த்த சூட்டில்
எந்த மாதத்தில் பிள்ளை எந்தச் சொல் சொல்லும் என்ற அட்டவணை
ஓரம் சுருண்டுகொள்ளும்.

ஜெர்வினுக்கு ஏழு வயது, நாலு மாதம், ஒன்பது நாள்.
நாளைக்கூட எண்ணச் சொல்கிறது கையேடு.
வீட்டில் தூத்துக்குடித் தமிழ்,
பஸ்ஸில் மலையாளம்,
வாட்ச்மேனிடம் உருது,
வகுப்பில் வாய் திறப்பதில்லை.
டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்:
'கவனம் இல்லை. பேச்சு இல்லை. உதவவும்.'
யாருக்கு என்று எழுதவில்லை.

படத்தில் எது இல்லை?
ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும், கேட்டேன்.
பதில் தமிழில் வந்தது.
பூனைக்குக் காது. கடிகாரத்துக்கு முள்.
ஏழாவது அட்டை: புல்வெளி, உச்சியில் சூரியன்,
நிழலே விழாத ஒரு மரம்.

அவன் மரத்தைப் பார்க்கவில்லை, மரத்தடியைப் பார்த்தான்.
பதினெட்டு நொடி.
"பைப்பு இல்ல."
என்ன பைப்பு?
அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
"கறுப்பு பைப்பு, மிஸ்.
அது இல்லன்னா மரம் செத்துப்போகும்லா."

விடைத்தாளில் 'நிழல்' என்றிருந்தது.
வேறு எதற்கும் பூஜ்யம்.
மரம் தன்பாட்டுக்கு மழை குடித்து வளரும் ஏதோ ஊரில்
ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைக் கேட்டு
முடிவான பூஜ்யம்.
என் கைதான் எழுதியது.
வட்டம் சரியாக மூடவில்லை.

பைப்பையும் சேர்த்து வரிசையாக நாலு தவறு.
நாலானால் நிறுத்திவிட வேண்டும்,
பிள்ளை சோர்ந்துவிடக் கூடாதாம்.
அவன் சோரவில்லை.
"இன்னும் இருக்குல்லா" என்று
நான் மூடிய அட்டைக் கட்டை விரலால் தட்டினான்.

வியாழன் மாலை ரீமுடன் மேற்பார்வை.
என்னைவிட ஆறு வயது இளையவள், அம்மான்காரி,
திரையில் எப்போதும் எதையாவது கொறிப்பாள்.
மரத்தைச் சொன்னேன். கொறிப்பது நின்றது.
"மார்க்கை மாற்றாதே."
மாற்றவில்லை.
"அறிக்கையில் அதற்கு ஒரு வரி கொடு."
ஒரே வரியா?
"ஒரு பத்தி. ஆனால் அழகாக எழுதிவிடாதே,
அழகாக எழுதினால் பள்ளி நம்பாது."
ஐம்பது நிமிடம். கணக்கில் சேர்த்தேன்.

அப்பா ஜெபல் அலியில் கிரேன் ஓட்டுகிறார்.
நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தார்,
நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.
"பாஸா மேடம், ஃபெயிலா?"
மூன்று வாரம் இதற்கென்றே பயிற்சி.
மாற்றி மாற்றிப் பெற்றோராக நடித்தோம்,
அழுதுகூடக் காட்டினோம்,
ஒருத்தியும் இதைக் கேட்டதில்லை.
சராசரி, விலக்கம், வரம்பு:
வாய்க்குள் ஒவ்வொன்றும் வரி நோட்டீஸ் மாதிரி.
ரெண்டும் இல்லை என்றேன்.
பைப்பைப் பற்றிச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தானே சொல்லியிருக்கான்" என்றார்,
பிறகு, "அடுத்த வருஷம் இங்க வெச்சிருப்பாங்களா?"
தெரியாது என்று சொல்ல
எனக்கு எத்தனை நொடி ஆயிற்றோ,
வாட்ச் மேசையில் சும்மா கிடந்தது.

வெளியே, சாலை நடுவே வேப்பமரங்கள்.
நாலு வருஷமாக வந்து போகிற வழி.
குனிந்து பார்த்தேன்.
ஒவ்வொன்றின் அடியிலும், பாதி மண்ணுக்குள்,
சுண்டுவிரல் கனத்தில், கறுப்பாக.
ஒன்றில் முனை கழன்று
தண்ணீர் நடைபாதைக் கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது.
மண்டியிட்டுச் செருகினேன்.
கழன்றது.
மறுபடி செருகினேன், கழன்றது.
மூன்றாம் தடவை நின்றதா தெரியவில்லை,
பஸ் வந்துவிட்டது.