புறக்கோட்டையில் ரேகன்ஸ்பூர்க்

மிஸஸ் யான்ஸ் குடையை உயர்த்திப் பிடிக்கிறார்.
மழையில்லை.
ஜெர்மனியில் வழிகாட்டிகள் அப்படித்தானாம்,
குடையைப் பார்த்துப் பின்னால் வரவேணும்.

நாங்கள் ஏழு பேர்.
ஏழு கல்யாணப் பதிவுத் துண்டுகள், ஏழு விசாக் கனவுகள்.
ஏ-வன் பரீட்சையில் கவிழ்ந்தவர்கள் நாலு,
அதில் நான் இரண்டு தரம்.
"வகுப்பில் ஒருத்தியும் வாய் திறக்கிறாளில்லை.
இன்றைக்கு இது ஒரு பழைய ஜெர்மன் நகரம்,
எது வேணுமோ நினைத்துக்கொள்ளுங்கள்.
ஆளுக்கொரு இடம் காட்டவேணும்."

நான் ரேகன்ஸ்பூர்க் என்று நினைத்துக்கொண்டேன்.

கான் மணிக்கூட்டை ஃபர்ஹானா
தேவாலயக் கோபுரம் ஆக்கினாள்.
"ஸேர், ஸேர்" என்றாள். மிக, மிக.
மிக என்ன என்பது வரவேயில்லை.

சிவப்புப் பள்ளிவாசலைக் காட்டி
"ராட்ஹவுஸ்" என்றாள் றொசாந்தி.
வாசலில் செருப்புக் கழற்றிய மனுசன்
"என்ன பிள்ளை தேடுறீங்க?" என்றார்.
"நகரசபை" என்று உளறினாள்.
அவர் தாடியைத் தடவி யோசித்து,
"பழைய நகர மண்டபமா? இப்பிடியே மெயின் ஸ்ட்ரீட்டால நேரே போங்க,
தொங்கல்ல இருக்கு" என்று கையையும் நீட்டினார்.
மிஸஸ் யான்ஸ் கைதட்டினார்.
"பார்த்தீர்களா? இந்த ஆள் ஏ-வன் பாஸ்!"

வெங்காய மூட்டையோடு வந்த நாட்டாமி
"பார, பார" என்று சிங்களத்தில் வழி கேட்டார்.
நாங்கள் தமிழில் கேட்டவர்கள்போல்
நின்று பார்த்தோம்.
மூட்டை முழங்கையில் இடித்தபிறகுதான்
மொழி திரும்பி வந்தது.

சுதேஸ் ரேகன்ஸ்பூர்க்கில் ஆறு வருசம்.
பேராலயத்துக்குப் பின்தெருவில் உணவகம்,
பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு யன்னல்.
அதனூடே குடைகள் போகுமாம்,
ஒரு குடைக்கு முப்பது தலை,
எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அண்ணாருமாம்.
மேலே என்ன இருக்கு என்று கேட்டேன்.
"தெரியாது. என்ர பக்கத்தால குப்பைத் தொட்டிதான் தெரியும்.
நீ வா, காசு குடுத்துப் பாப்பம்."

என் முறை கெய்சர் வீதியில் வந்தது.
"கைசர் ஸ்ட்ராஸ! பேர்கூட மாத்தத் தேவையில்லை"
என்று சஞ்சீவனி சிரித்தாள்.
எனக்கு முன்னால் பிளாஸ்ரிக் வாளிகள்,
சீனத்து மின்விசிறிகள்,
மூன்று வாங்கினால் ஒன்று சும்மா.
கட்டடம் புதிது. மூலைத் தூண் மட்டும் பழையது,
எத்தனை பூச்சுப் பூசியும்
கறுப்பு வெளியே வந்துவிடுகிற தூண்.

"ஹீயர் இஸ்ட்" என்று தொடங்கினேன்.
இங்கே இருக்கிறது.
என்ன இருக்கிறது?
வாளிக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது.
"ஹீயர் வார்" என்றது வாய்.
"வாரா? எந்த வார்?" என்று திரும்பினாள் சஞ்சீவனி.
இல்லையடி. ஜெர்மனில் வார் என்றால் இருந்தது,
அவ்வளவுதான்.

ஹீயர் வார் ஐன் லாடன்.
இங்கே ஒரு கடை இருந்தது.
கொப்பி, பேனை, கோடு போட்ட தாள்.
கடுதாசிக்கு நெருப்புக் கெதியாய்ப் பிடிக்கும்
என்று அப்பா ஒருதரம் சொன்னார்,
அதுவும் வேறெதற்கோ,
குப்பை கொளுத்தும்போது.
கடுதாசிக்கு ஜெர்மன் தெரியும், பப்பியர்.
நெருப்புக்கும் தெரியும்.
பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

மிஸஸ் யான்ஸ் குடையை இறக்கினார்.
தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
வாளிக்காரப் பெடியன் எங்கள் ஏழு பேரின்
கைப்பைகளைப் பார்த்தான்.
"வசனம் சரி" என்றார் மெதுவாக.
"ஆனால் இறந்தகாலம் அடுத்த பாடம்.
முதலில் இருக்கிறதைச் சொல்லு."

சொன்னேன்.
வாளிக்கு அவரே சொல் எடுத்துத் தந்தார்.
இங்கே வாளி இருக்கிறது.
வாளி நீலம்.
வாளி அறுநூற்றைம்பது ரூபா.
பெடியன் ஏதோ விளங்கியவனாய்
அதை எடுத்து என் கையில் தந்தான்.

பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும்
மடியில் வாளி.

இரவு சுதேஸ் கேட்டார், எங்க போனனீ?
ரேகன்ஸ்பூர்க்குக்கு என்றேன்.
"எப்பிடி இருக்கு?"
சரியான சனம்.
நாலு மணிக்கு மழையும் பிடிச்சிட்டுது,
எல்லாருக்கும் ஒரே ஒரு குடை.