மைனஸ் எண்பத்தொன்பது

எங்கள் வீட்டுச் சுவரின் கனம் எழுபது சென்டிமீட்டர்.
அளந்தவன் கேபிள் போட வந்த மித்யா.
துளைக்கருவியின் முனை உடைந்த பிறகு
சன்னல் விளிம்பில் நாடாவைப் பிடித்துப் பார்த்தான்.
"இது வீடில்லை, அம்மா.
மலையைக் குடைந்து குடியிருக்கிறீர்கள்."

கார்ஸ்ட் மேட்டுச் சுண்ணாம்புக் கல்.
புர்யா காற்றுக்குப் பயந்து
ஓடுகளின் மேல் கல் தூக்கி வைக்கிற ஊர்.
காற்றை நிறுத்தக் கட்டிய சுவர்
எதை விடும், எதைத் தடுக்கும் என்று
யாரும் அதற்குச் சொல்லிவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி.
முற்றத்துக்கு அப்பால் பின்னறையில்
நேயாவுக்குச் செல்லோ வகுப்பு.
லுப்லியானாவிலிருந்து ஆசிரியை
வில்லை உயர்த்துவாள்,
உயர்த்தியபடியே உறைந்துபோவாள்.
பாதி திறந்த வாய், மூடிய ஒரு கண்.
என் மகள் காத்திருப்பாள்.
சுரம் வரும்போது
அது அடுத்த பாடத்தின் சுரமாக இருக்கும்.

ஞாயிறன்று நானும் வொய்கோவும்
கைப்பேசியும் சுண்ணக்கட்டியுமாய்
அறை அறையாய் நடந்தோம்.
அடுப்பருகே மைனஸ் நாற்பத்தொன்று.
படியடியில் அறுபத்தாறு.
நேயாவின் கட்டிலில் எண்பத்தொன்பது.
"எண் கூடினால் நல்லதுதானே?" என்றான்.
"மைனஸ்" என்றேன்.
கடனைப் பற்றிப் பேசும் குரலில்
"ஆ" என்றான்.

முதலில் ரூட்டரை வெளியே எடுத்தேன்.
பார்க்க அசிங்கமென்று அதை
பீங்கான் அலமாரிக்குள் பூட்டிவைத்தது நான்தான்;
குடத்துக்குள் வைத்த விளக்கு.
மீன்தொட்டியை நகர்த்தினோம்.
தண்ணீர் அலையைக் குடிக்குமாம்.
மீன்கள் ஒரு நாள் முழுக்கக் கோபமாயிருந்தன.
மைனஸ் எண்பத்தாறு.

பிறகு கண்ணாடி பதித்த அந்தப் பெரிய பீரோ.
இருவரும் முதுகு கொடுத்துத் தள்ள
பின்னால் சுவரில்லை.
வளைவு. கல் வளைவுக்குள்
ஒற்றை வரிசைச் செங்கல்,
பூசாமல் விட்ட சாந்து,
சாந்தில் ஒருவருடைய கைப்பதிவு.

வொய்கோ உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் வீடு 'ப' எழுத்தைப் போல.
இந்தக் கால் எங்களுடையது, அந்தக் காலும்.
மேல்கோடு ஸ்லாவ்காவுடையது.
அவன் அப்பாவும் அவள் அப்பாவும்
ஒரே வாரத்தில் இரண்டு கதவுகளை அடைத்தவர்கள்.
எதற்கென்று கேட்டால்
கழுதை என்பார்கள், கிணறு என்பார்கள்.
நவம்பர் முதல் தேதி கல்லறையில்
மெழுகுவத்திக்கு மேலாகத் தலையசைத்துக்கொள்வோம்.
அவ்வளவுதான் பாக்கி.

செங்கல்லில் கைப்பேசியை வைத்தேன்.
இங்கே மட்டும் அலை
கதவிருந்ததை மறக்காததுபோல் போகிறது.
"நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் போதும்."
"நடுவில் என்றால் அவள் சமையலறை."
"ஆமாம்."
"நீ போ" என்றான்.

முப்பத்தைந்து யூரோ. வெள்ளை நிறம்.
உள்ளங்கையளவுப் பெட்டியைச்
சுடச்சுட ஏதோ கொண்டுபோவதுபோல்
இரு கைகளிலும் ஏந்திப் போனேன்.
பதினெட்டு வருடமாகத் தயாரித்த விளக்கம்
வாசலிலேயே தீர்ந்துபோயிற்று.
ஸ்லாவ்கா கேட்டது ஒன்றுதான்:
"ராத்திரி விளக்கு எரியுமா?"
"பச்சையாய், சின்னதாய்."
"பச்சை பரவாயில்லை."
ரொட்டிப் பெட்டிக்கு மேலிருந்த பிளக்கைக் காட்டினாள்.
காப்பி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மைனஸ் ஐம்பத்தெட்டு.

மூன்று செவ்வாய்கள் வில் நிற்காமல் ஓடியது.
நான்காவது செவ்வாய், பாட்டின் நடுவே
ஆசிரியை மறுபடி உறைந்தாள்.
நேயா எங்களைக் கூப்பிடவில்லை.
பின்னறைச் செங்கல்லை
வில்லின் அடிக்கட்டையால் மூன்று முறை தட்டினாள்.

அங்கிருந்து பதில் குரல், சுவர் வழியே, எரிச்சலோடு:
"இஸ்திரி போடுகிறேன்!
இன்னும் ஒரு சட்டை!"

நாங்கள் முன்னறையில் மூச்சடக்கி நின்றோம்.
வொய்கோ கேட்டான்:
"யாருடைய சட்டையாம்?"
அதற்குள் செல்லோ தொடங்கிவிட்டது.