நூற்று நாற்பத்திரண்டு

கோகுலவாணிக்கு எழுத வேண்டும்.
கொக்கட்டிச்சோலையில் விடிய
இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கிறது.
முனைக்காட்டில் அவளும் விழித்திருக்கிறாள்:
பேருக்குக் கீழே 'ஒன்லைன்' என்று காட்டுகிறது,
போகிறது, மறுகாவும் காட்டுகிறது.

'ஆழ்ந்த' என்று அடிக்கத் தொடங்க
மிச்சத்தைப் போனே எடுத்து நீட்டுகிறது:
அனுதாபங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய.
அன்னார்.
ரெண்டு கிலோ எண்ணூறு கிராம்.
பெரியாஸ்பத்திரித் துண்டில்
'கோகுலவாணியின் பெண் குழந்தை' என்று மட்டும்.
சந்தியில் கட்டும் பதாகைக்கு
அன்னார் முகமெடுத்த படம் ஒன்றும் இல்லை.
அழித்தேன்.

'எல்லாம் கடவுள் சித்தம்.'
இந்தப் பக்கத்துக் கடவுள்மார் எல்லாரையும் தெரியும் எனக்கு.
ஒருவர் கையெழுத்தும் அவள் கிளினிக் கார்டில் இல்லை.
அழித்தேன்.

'உனக்கு வயசிரிக்கு, இன்னொண்டு'
இதை ஒருக்கா வாயாலேயே சொல்லியிருக்கிறேன்,
அம்பிளாந்துறையில், வேலைக்கு வந்த புதிதில்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்தாள்.
அவளுக்குப் பிறகு மூன்று பிள்ளைகள்.
சந்தையில் கண்டால் நின்று கதைப்பாள், சிரிப்பாள்.
பதினாறு வருசமாய் நான் பார்ப்பது
அந்த முதுகைத்தான்.

என்னிடம் இருப்பது ஒரு பதிவேடு.
நாளைக்கு அதில்
'உயிர்ப் பிறப்பு' என்ற நிரலைத் தாண்டிப் போய்
அடுத்ததில் ஒரு கோடு போட வேண்டும்.
பிரசவமான பத்து நாளுக்குள்
ரெண்டு தரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி.
பிள்ளை இருந்தால் மட்டும் என்று
விதியில் எங்கேயும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

போன மாதம் டொப்ளர் பழுது.
பழைய அலுமினியக் குழலை அவள் வயிற்றில் ஊன்றிக்
காதை வைத்துக் குனிந்திருந்தேன்.
வெளியில் எவனோ லாண்ட்மாஸ்டரை நிப்பாட்டாமல்
வட்டைக்குப் போகிறவனோடு உரம் விலை கதைக்கிறான்.
"அவனை நிப்பாட்டச் சொல்லுகா!"
வரிசையில் இருந்த பிள்ளைத்தாச்சிகள் எல்லாம் சிரித்தார்கள்.
"என்ன சொல்லுது மிஸ்ஸி, என்ட கச்சான்?"
முதல் மூன்று மாதம்
கச்சானைத் தவிர ஒன்றும் வயிற்றில் தங்காததால்
வந்த பேர் அது.
குழலில் ஒரு காதுக்குத்தான் இடம்.
அதனால் அவள் புறங்கையில் விரலால் தட்டிக் காட்டினேன்,
கேட்கக் கேட்க, அந்த வேகத்திலேயே.
கண்ணை மூடிக்கொண்டு
கையால் கேட்டாள்.

அடித்தேன்:

"வாணி,
இண்டைக்கோ நாளைக்கோ உனக்குப் பால் வரும்.
ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க.
மார் கல்லுப் போல கட்டும், காய்ச்சல் மாதிரியும் இரிக்கும்.
பயப்பிடாத. பிழிஞ்சு எடுக்காத.
உன்ட உடம்புக்கு இன்னும் ஆரும் செய்தி சொல்லல்ல.
கோவா இலையைக் குளிர வச்சு உள்ளுக்கு வைக்கலாம், நோவு குறையும்.
எட்டு மணிக்குள்ள கொண்டு வாறன்.
தேத்தண்ணி ஊத்த வேணாம், கதைக்கவும் வேணாம்.
கச்சான்ட நெஞ்சுச் சத்தத்தை நான் கேட்டிரிக்கன்.
நல்ல சத்தம்."

வாசித்துப் பார்த்தேன்.
அனுதாபம் என்ற சொல்லே இல்லை.
கோவா இருக்கிறது.
இப்படி ஒரு செய்தியை யாராவது யாருக்காவது அனுப்புவார்களா?
அனுப்பினேன்.

ரெண்டு கோடும் நீலமாயிற்று.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
நாய் ஒன்று வளவுக்குள் வந்து
தண்ணி வாளியை நக்கிவிட்டுப் போனது.
மறுகா எழுதினாள்:

"எத்தினை எண்டு சொன்னீங்க மிஸ்ஸி?
மறந்திட்டன்."

நூற்று நாற்பத்திரண்டு, என்றேன்.
பிறகு, எழுத்தில் இன்னொரு தரம்:
நூற்று நாற்பத்திரண்டு.

பதில் இல்லை.
ஒன்லைன் போய்விட்டது. படுத்திருக்கலாம்.
இல்லாவிட்டால் புறங்கையில் தட்டிக்கொண்டிருக்கலாம்.

மகிழடித்தீவுச் சந்தியில்
மரக்கறிக் கடை ஆறு மணிக்குத்தான்.
ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே
தராசு கிடக்கிறது, பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தராசு.
அதை எடுத்து வெளியே வைத்தால்
ரெண்டு கோவா கொள்ளும்.