இரண்டு மீட்டர் நாற்பது

அகலம் இரண்டு மீட்டர் நாற்பது.
நீளத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
வல்பராய்சோவில், குன்றின் இடுப்பைக் குடைந்து
எப்போதோ யாரோ நிலக்கரி போட்டுவைத்த அறை.
வாடகையில் பாதி என்னுடையது, பாதி நிபால்தோவுடையது.
பகல் எனக்கு: ஜன்னல் சட்டங்கள்.
இரவு அவனுக்கு: படகுச் சுக்கான்கள்.
இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நின்றால்
ஒருவர் மூச்சை இழுக்க
மற்றவர் விட்டாக வேண்டும்.

மேசை ரம்பம் நூற்றுப் பதினெட்டுப் படிகளை
நான்கு துண்டாக ஏறி வந்தது.
வந்த பிறகு அதற்கு உட்கார இடமில்லை.
சக்கரம் வைத்தோம்.
ஒன்றுக்கு வைத்தால் சும்மா இருக்குமா கை,
குப்பைக்கூடைக்குக்கூடச் சக்கரம் வைத்தோம்.

இழைப்பு எந்திரம் பலகையின் ஒரு முகத்தில்,
தேய்ப்பு எந்திரம் மறு முகத்தில்,
நடுவே அச்சாக ஓர் இரும்புக் குழாய்.
புரட்டினால் ஒன்று எழுந்துகொள்ளும்
மற்றது வௌவாலாகத் தொங்கித் தூங்கும்.

சுவர் நெடுக, சாய்வாக அறுத்த சட்டங்கள்.
டிரில்லுக்குக் கூடு, பேட்டரிகளுக்கு ஏணி,
கிளாம்புகள் கூரையில்,
கருவாடு காயப்போட்டது மாதிரி.
ஒவ்வொன்றின் உருவத்தையும் அதன் முதுகுக்குப் பின்னால்
கறுப்புப் பெயின்டில் வரைந்து வைத்தான் நிபால்தோ.
எடுத்தவர் திருப்பி மாட்டாவிட்டால்
சுவர் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.
அவன் முகத்தைவிட எனக்குப் பழக்கம்
அவன் கிளாம்பை முறுக்கும் விதம்:
தேவைக்கு மேல் அரைச் சுற்று.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், விடிவதற்குள்
பூமி ஆடியது.
இங்கே அது புதிதில்லை.
படுத்தபடியே எண்ணுவோம்.
இருபதைத் தாண்டினால் எழுந்துகொள்வோம்.
அன்று நாற்பதுவரை எண்ணினேன்,
வாசற்படியில் நின்று.

ஓடி வந்து பட்டறைக் கதவைத் தள்ளினால்
திறக்கவில்லை.
அவன் பிரேக் போட மறந்த ரம்பம்
அறையெல்லாம் உலாவி முடித்து
உள்ளே கதவில் சாய்ந்து நிற்கிறது,
பாக்கியைத் தராமல் நகரமாட்டேன் என்கிற
வீட்டுக்காரியைப் போல.
கடப்பாரையை இடுக்கில் விட்டு
ஓர் ஆள் நுழையுமளவு நெம்பினேன்.

எல்லாம் தரையில்.
இந்தச் சட்டம் கவ்வினால் விடாது,
மேல்நோக்கித் தூக்கினால்தான் கழலும் என்று
எழுதியிருந்தது.
பூமி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது.

தூசி தட்டி ஒவ்வொன்றாக
அதனதன் நிழலில் கொண்டுபோய் மாட்டினேன்.
கைப்பிடி உடைந்த சுத்தியலுக்கும்
அதன் முழு நிழல் காத்திருந்தது.
கடைசியில் ஓர் உருவம் மட்டும் காலி.
பலகைகள் சாய்த்திருந்த மூலையில்,
குட்டைக் கழுத்து, தட்டையான அடி,
ரவுட்டர்.

மரத்தூளைச் சலித்தேன்.
சுக்கான்களைப் புரட்டினேன்.
ரம்பத்தின் வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
என் பங்கு எவ்வளவு வரும் என்று
மனசுக்குள் கணக்கும் போட்டாயிற்று.

மத்தியானம் நிபால்தோ வந்தான்,
நெற்றியில் பிளாஸ்திரியோடு.
காலி இடத்தைக் காட்டினேன்.
காது சிவந்தது அவனுக்கு.
"அதை இன்னும் வாங்கவில்லை, ஒதிலியா.
டிசம்பரில்..."

இல்லாத பொருளுக்குத்
துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறான்!

அவன் போன பிறகு டேப்பை எடுத்து அளந்தேன்.
பக்கவாட்டுக் கைப்பிடிகளை மறந்துவிட்டான்.
எட்டு சென்டிமீட்டர் போதாது;
வந்தால் என் உளிப்பெட்டியில் இடிக்கும்.
அவனிடம் சொல்லவில்லை.

பெட்டியை எட்டு சென்டிமீட்டர் தள்ளி மாட்டி
சுற்றிலும் கோடு போட்டேன்.
என் பெட்டிக்கு இப்போது சுவரில்
இரண்டு நிழல்.

கதவில் மட்டும், சாக்பீஸால், பெரிதாக:
நிபால்தோ, பிரேக்.